ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பும் அக்கால உலகச் செய்திகளும்

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் முதலில் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஆவார். 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டுக் காலம், தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வைத்தார். அவ்வெழுத்துக்குத் ‘தினப்படி சேதிக் குறிப்பு’ என்னும் பெயர் வழங்குகிறது. பெயரிலேயே சேதி இருப்பது நோக்கத்தக்கது. கப்பல் கரை சேர்ந்தால் அது சேதி. பிரெஞ்சுக்காரர் 1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிடித்ததும் சேதி. துபாஷியாக விளங்கிய பிள்ளைக்கு உலகச் செய்தி வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. செய்தி பிறக்கும் இடத்திலேயே அவர் நின்றார்.

செய்திக்கும் தமக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்ட ஒருவர் நாட்குறிப்பு எழுதினால் அது எவ்வாறு இருக்கும்? அதுவும் எழுதுபவர் பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்தால்? இவ்வினாவுக்கு விடையாக உலகம் அறிந்த ஏடு ஆன் ஃபிராங்க் என்னும் யூத இளம்பெண்ணின் நாட்குறிப்பாகும். அதனைத் துயரக் கதையாகப் படித்துக் கண்ணீர் விட்டவர் பலர். அதன் தேதிகளை அக்கால உலகச் செய்திகளோடும், நமது சென்னைத் துறைமுகப் பகுதி கண்ட நிகழ்ச்சிகளோடும் அருகருகே வைத்துப் படிப்பவர் சிலரே. அவ்வாறு படிக்கும்போது ஏடு புலப்படுத்துவன எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆன் ஃபிராங்க் 1929 ஜூன் 12-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். இட்லர் ஆட்சிக்கு வந்தபின் குடும்பம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1940 மே மாதம் அந்நாடும் ஜெர்மானியப் படையின் கைக்குச் சென்றது. 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாம் பிறந்த நாளில், கட்டம் போட்ட துணி அட்டையிட்ட ஏடொன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. ஜூலை 6 அன்று குடும்பம் பிரின்சன்கிராக்ட் தெரு 263-ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. தந்தையார் ஓட்டோ ஃபிராங்கின் வணிக அலுவலகம் அதே கட்டடத்தில்தான் இயங்கிவந்தது. பின்னர் வேறு ஒரு குடும்பத்தார் மூவரும் பல் மருத்துவர் ஒருவரும் வந்து சேர, எண்மர் அங்கு இருபத்தைந்து மாதங்கள் மறைந்து வாழ்ந்தனர். அலுவலகப் பணியாளர் நால்வர் அவர்களுக்கு உணவும் நூலும் செய்தியும் கொண்டுவந்து கொடுத்தனர்.

அந்த 1942-ஆம் ஆண்டில் நமது சென்னை எவ்வாறு இருந்தது? மார்ச் 8-இல் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-இல் திரிகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்து சென்னைதான் என்ற அச்சம் பரவியது. ‘எவாகுவேஷன் காலம்’ என்று முதியோர் பின்னாளில் குறிப்பிட்டது இதனைத்தான். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் பெருந்தொகையான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்களும் உள்நாட்டு நகரங்களுக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கருதி, அப்போது பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த உயிர்க்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். சென்னையில் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே ஓடிய அதே ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு குடும்பம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கியது. இவ்விரு அச்சங்களும் ஒரே போரின் விளைவுகள்.

சென்னைக் கரைக்கு இவ்வச்சம் புதியதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. அவ்விரவின் செய்தித்தாள்களை இன்று புரட்டுவார் இலர். ஆயினும் ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்லுகிறோம். உலகச் செய்தியொன்று மக்கள் பேச்சில் சொல்லாகப் படிந்துவிட்டது. மொழியும் ஒருவகை நாட்குறிப்பே எனலாம்.

மறைவிடத்து எண்மருக்கும் செய்தி எவ்வாறு கிட்டியது? கீழ்த்தளத்து அலுவலகத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. பணியாளர் வீடு சென்றபின், இரவில், ஓசை வெளியே கேளாதபடி இலண்டன் ஒலிபரப்பைக் கேட்டனர். அது தண்டனைக்குரிய குற்றம். 1943-இல் வானொலிப் பெட்டிகளை அரசிடம் ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தபோது, சிறிய பெட்டியொன்றை மேலே கொண்டுபோய் மறைத்து வைத்துக்கொண்டனர். உணவுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் செய்தி கேட்பதை அவர்கள் விடவில்லை. 1942 அக்டோபர் 9 தேதியிட்ட பகுதியில், பிடிபட்ட யூதர்கள் நச்சுப்புகையால் கொல்லப்படுவதாக ஆங்கில வானொலி கூறுவதை அச்சிறுமி எழுதுகிறார். பின்னாளில் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கைவிரித்தவர் பலர். பூட்டிய அறையில் இருந்த சிறுமிக்கு அது 1942-லேயே தெரிந்திருந்தது.

இந்தியாவும் அவ்வறைக்குள் நுழைந்தது. 1943 பிப்ரவரி 10-இல் புனே ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த காந்தியடிகள் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த மோடி, சர்க்கார், ஆணே ஆகிய மூவர் பதவி துறந்தனர். அடிகள் பிழைப்பாரா என்று நாடே கவலையுற்றிருந்த நாள்கள் அவை. நோன்பு முடியுமுன், பிப்ரவரி 27 தேதியிட்ட பகுதியில், ஆன் ஃபிராங்க் அதனைக் குறிப்பிடுகிறார். சர்ச்சிலுக்கு நிமோனியாக் காய்ச்சல் வந்து தேறிவருகிறார் என்பது முன் வரி. இந்திய விடுதலைக்குப் போராடும் காந்தி மீண்டும் ஓர் உண்ணாநோன்பில் இருக்கிறார் என்பது அடுத்த வரி. எத்தனையாவது நோன்போ என்று சற்றே அலுத்துக்கொள்ளும் தொனியும் அதில் உண்டு. நம் மாணவர் சிலருக்கு இது வருத்தம் தருகிறது. வருந்தத் தேவையில்லை. சர்ச்சிலும் காந்தியும் ஓர் ஏட்டின் அடுத்தடுத்த வரிகளில் சமமாக நிற்கிறார்கள். அக்காலத்து இலண்டன் அரசு அவர்களை அவ்வாறு நிறுத்தியிருக்காது.

அதே நாள் குறிப்பில் வேறொரு செய்தி இவற்றைவிடப் பெரிதாக இடம்பெறுகிறது. அந்தக் கட்டடத்தை அதன் உரிமையாளர் சொல்லாமல் கொள்ளாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் கட்டடக் கலைஞர் ஒருவரோடு பார்வையிட வந்துவிட்டார். பின்கட்டுக் கதவின் சாவியை மறந்துவிட்டேன் என்று அலுவலகத்தவர் ஒருவர் சமாளித்து அனுப்பினார். எந்தச் செய்தித்தாளிலும் வராத இச்சாவிதான் எட்டு உயிர்களுக்கும் அன்றைய தலைப்புச் செய்தி. செய்தித்தாள் தரும் அளவு வேறு, வீடு தரும் அளவு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, ஒரு நாளைத் தனியே எடுத்துக்கொள்வோம். 1943 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. அன்றைய குறிப்பு மகிழ்ச்சியோடு தொடங்குகிறது. இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மாலை ஏழு மணிச் செய்தியில், இத்தாலி சரணடைந்தது என்று வானொலி அறிவித்துவிட்டது. மறைவிடத்தில் கொண்டாட்டம். ஆனால் அடுத்த பத்தியிலேயே அவர்களுக்கு உதவிவந்த கிளைமன் என்பவரின் வயிற்று நோயும், அவர் செய்துகொள்ள வேண்டிய அறுவைச் சிகிச்சையும் பேசப்படுகின்றன. ஒரு நாடு வீழ்ந்த செய்தியும் ஒரு நண்பரின் வயிற்றுவலியும் ஒரே பக்கத்தில் உள்ளன.

இதனை உலகச் செய்தியோடு ஒப்பிட்டால் சில உண்மைகள் வெளிப்படும். இத்தாலியின் சரணாகதி செப்டம்பர் 3-ஆம் நாளே சிசிலித் தீவில் கமுக்கமாகக் கையெழுத்தாகிவிட்டது. உலகம் அறிந்தது 8-ஆம் நாள். ஆகவே அச்சிறுமி கேட்ட புதுச்செய்தி ஐந்து நாள் பழையது. அவர் மகிழ்ச்சியைத் தேதியிட்ட 10-ஆம் நாளிலோ ஜெர்மானியப் படை உரோமாபுரியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் 16-ஆம் நாள் அந்நகர யூதர்களும் வேட்டையாடப்பட்டனர். அதாவது, நற்செய்தி எனக் கேட்டது யூதர்களைப் பொறுத்தமட்டில் அங்கே தீச்செய்தியாக மாறிக்கொண்டிருந்தது. அதை அறியாமல் எழுதப்பட்ட மகிழ்ச்சி அது. பின்னால் நிகழ்ந்தது நமக்குத் தெரியும் என்பதால் அந்த அறியாமையை ஏளனம் செய்வது வரலாற்று உணர்வு ஆகாது.

அதே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சென்னை மத்தியச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். திருவிதாங்கூர் வக்கத்தைச் சேர்ந்த அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபவ்ஜா சிங் என்போர் அவர்கள். மலேயாவுக்குப் பிழைக்கச் சென்றிருந்த காதர் அங்கு இந்திய விடுதலைக் கழகத்தில் இணைந்து, பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பர் இறுதியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் வழியே மலபார்க் கரையில் தானூர் அருகே வந்து இறங்கிப் பிடிபட்டவர். தூக்குமேடை ஏறியபோது அவருக்கு வயது இருபத்தாறு. ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை அது. முதல்நாள் இரவு அவர் தம் தந்தையாருக்கு எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறுமி இத்தாலியின் வீழ்ச்சியை எழுதிய தேதியும், சென்னையில் ஓர் இளைஞரின் கடைசிக் கடிதம் உயிலாக மாறிய தேதியும் ஒன்றே. சிறுமிக்கு நம்பிக்கையாக இருந்த பிரிட்டன்தான் இளைஞரைத் தூக்கிலிட்டது. இளைஞரை ஏற்றி வந்த கப்பல் சிறுமியைக் கொல்ல இருந்தவர்களின் கூட்டாளியுடையது. நல்லவர் ஒருபுறம், தீயவர் மறுபுறம் என்று பாடநூல் வகுத்த போர் இந்த ஒரு தேதியில் அவ்வாறு வகுபட மறுக்கிறது. இருவரையும் ஒருங்கே மதிக்க இயலாதா என்று மாணவர் கேட்பதுண்டு. இயலும். இருவரும் தத்தம் சிறையிலிருந்து எழுதினார்கள். இருவர் எழுத்தும் உண்மையானது. கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்தது அரசுகள். சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டி நின்ற அச்சிறைச்சாலையிலிருந்து 2006-இல் கைதிகள் வடசென்னைக்கு அப்பால் புழலுக்கு மாற்றப்பட்டனர்; 2009-இல் கட்டடமும் இடிக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் வீடு 1960 முதல் காட்சியகமாக உள்ளது.

இவ்விடத்தில் பாடம் பற்றிய ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே எடுத்துக்காட்டிய 1943-ஆம் ஆண்டுப் பகுதிகள் அவ்வந்நாளில் எழுதியபடியே நமக்குக் கிடைக்கவில்லை. 1944 மார்ச் 28 அன்று இலண்டனிலிருந்து பேசிய நெதர்லாந்து அமைச்சர் போல்கெஸ்தைன், போர்க்காலத்தில் மக்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் போர் முடிந்தபின் திரட்டப்படும் என்றார். மறைவிடத்து வானொலி அதைக் கேட்டது. மே மாதத்தில் ஆன் தம் குறிப்புகளைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினார். 1942 டிசம்பர் முதல் 1943 டிசம்பர் வரையிலான மூல ஏடு தொலைந்துவிட்டது. அக்காலத்துக்கு உள்ளது திருத்தி எழுதிய படி மட்டுமே. எனவே காந்தியடிகளின் நோன்பும் இத்தாலியின் வீழ்ச்சியும், உலகம் படிக்கப்போகிறது என்று அறிந்த அப்பெண்ணின் கையால் 1944-இல் செப்பம் செய்யப்பட்டவை. உ.வே.சா. வழிவந்த பதிப்பு மரபை அறிந்த நமக்குப் பாடவேறுபாடு புதிய செய்தியன்று. சுவடிக்குச் சுவடி வேறுபாடு உண்டு என்பதால் சுவடியைப் பொய் என்பாரில்லை.

இந்நாட்குறிப்பு பின்னாளில் புனைந்த போலி என்றொரு பேச்சு நம்மிடையேயும் அவ்வப்போது காதில் விழுவதால் இதனையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்து அரசின் போர் ஆவண நிறுவனம் தாள், மை, பசை, கையெழுத்து அனைத்தையும் தடயவியல் ஆய்வுக்கு உட்படுத்தி, பாடங்களை அருகருகே அச்சிட்ட ஆய்வுப் பதிப்பை 1986-இல் வெளியிட்டது. எழுதியவர் அப்பெண்ணே என்பது அதனால் நிறுவப்பட்டது. எந்தச் சமூகத்தின் துயரமாயினும் சான்றுள்ளதை மறுப்பது நமக்கு அழகன்று.

உணவைப் பற்றி ஒரு சொல். இரங்கூன் வீழ்ந்ததால் பர்மா அரிசி நின்றது. அவ்வரிசியை இறக்கிவந்த சென்னைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் அடுப்பு முதலில் உணர்ந்த உலகச் செய்தி அதுதான். 1943-இல் நகரில் பங்கீடு வந்தது. வங்கத்திலோ பெரும் பஞ்சம். ஆம்ஸ்டர்டாம் ஏட்டிலும் பங்கீட்டுச் சீட்டு இடையறாது வருகிறது. ஒளிந்திருப்போருக்குச் சீட்டு ஏது? கள்ளச் சந்தையில் வாங்கிக் கொடுத்தவர்கள் 1944 மார்ச்சில் பிடிபட்டபோது வீட்டில் சாப்பாடு சுருங்கிற்று. ஒரே காய், ஒரே அவரை, வாரக்கணக்கில். படைகள் நகர்வதைச் சமையலறையிலிருந்து கணிக்க முடியும் என்பதைப் பெண்கள் எழுதிய குறிப்புகள் மட்டுமே காட்டுகின்றன.

1944 ஜூன் 6-இல் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஓட்டோ ஃபிராங்க் அப்பகுதியின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, படைகள் முன்னேற முன்னேறக் குண்டூசி குத்திவந்தார். அச்சுவரில் வேறு அடையாளங்களும் உண்டு: மகளிர் இருவரும் எவ்வளவு வளர்ந்தனர் என்று பென்சிலால் இட்ட கோடுகள். மறைந்திருந்த காலத்தில் ஆன் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தார். அவ்வரைபடமும் கோடுகளும் இன்றும் அங்கே காக்கப்படுகின்றன. உலகச் செய்தியையும் ஒரு பெண்ணின் வளர்ச்சியையும் ஒரே சுவரில் அளந்த குடும்பம் அது.

கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்ட் 1. ஆகஸ்ட் 4-இல் எண்மரும் கைதாயினர். ஆகஸ்ட் 25-இல் பாரிஸ் விடுபட்டது. செப்டம்பர் 3-இல் பிரசெல்சு விடுபட்டது. அதே செப்டம்பர் 3-இல் 1,019 பேரை ஏற்றிக்கொண்டு வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்சுக்குப் புறப்பட்ட கடைசி இரயிலில் அவ்வெண்மரும் இருந்தனர். அந்நாளுக்கு நாட்குறிப்பு இல்லை. 1945-இன் தொடக்கத்தில், விடுதலைக்குச் சில வாரங்களே இருக்கையில், பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தார். சிதறிக் கிடந்த தாள்களை மீப் கீஸ் என்னும் பணியாளர் பொறுக்கி, படித்துப் பார்க்காமலே பூட்டி வைத்து, திரும்பிவந்த தந்தையாரிடம் ஒப்படைத்தார். 1947 ஜூன் 25-இல் நூல் வெளிவந்தது. நம் நாடு விடுதலை பெற அப்போது இரண்டு மாதமும் இல்லை.

நம் பெண்கள் அக்காலத்தில் எழுதவில்லையா என்ற வினா எழுவது இயல்பே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல், இருபத்தொரு வயதில், ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை உ.வே.சா.வின் முன்னுரையோடு வெளியிட்டார். எழுதும் கைகள் இருந்தன என்பதற்கு அதுவே போதிய சான்று. ஆனால் அச்சேறாத எழுத்தைப் பூட்டி வைக்க மீப் கீஸ் போன்றவர் வேண்டும். இராயபுரத்திலும் மண்ணடியிலும் திருவொற்றியூரிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. மச்சிலிருந்து இறங்கும் தகரப்பெட்டிகளில் இரங்கூன், பினாங்குக் கடிதங்களும் பங்கீட்டு அட்டைகளும் கணக்கு நோட்டுகளும் அரபுத்தமிழில் பெண்கள் எழுதி வைத்த குறிப்புகளும் இருக்கக்கூடும். படிக்கத் தெரிந்த பாட்டிமார் குறைந்து வருகின்றனர். படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றை எடைக்குப் போடுகின்றனர்.

அத்தகைய தாள் கையில் கிடைக்கும் மாணவர் செய்யவேண்டியது கடினமன்று. தாள்களின் வரிசையைக் கலைக்காமல் எண்ணிட்டு, வெற்றுத்தாள் ஒன்றில் மூன்று பத்திகள் வரைக. முதற்பத்தியில் குறிப்பில் உள்ளதை உள்ளவாறே எழுதுக. எழுத்துப் பிழையையும் திருத்தற்க. இரண்டாம் பத்தியில் அந்நாளைய சுதேசமித்திரன், தினமணி இதழ்களில் வந்ததை எழுதுக. பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை நாடலாம். போர்க்காலத் தணிக்கையால் இதழில் வராததும் உண்டு என்பதை மறவற்க. மூன்றாம் பத்தியில் அவ்வீட்டு முதியோர் நினைவுகூர்வதை எழுதுக. மூன்றும் பொருந்தாத இடங்களை மழுப்பாமல் அப்படியே விடுக. ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. நம் பெண்கள் பெரும்பாலும் பிறைக்கணக்கில் தேதியிடுவர். ‘ரமலான் பிறை 10, ஹிஜ்ரி 1362’ என்றிருந்தால் அது 1943 செப்டம்பர் 10-ஐ ஒட்டியது. பிறை கண்ட நாள் ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு வேறுபடும். ஆதலின் கிழமை எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.